ஒரு நாள் சென்னைப் பயணம்: மாணவர்களுக்கு எந்த மேடை ஏற்றது?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றிலிருந்து நாற்பது மாணவ மாணவியரை ஒரே நாளில் சென்னைக்கு அழைத்துச் சென்று, மேடையில் கண்முன்னே நிகழும் ஒரு கலையைக் காட்டி, அன்றே அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, எந்த நிகழ்ச்சிக்குப் போகலாம் என்பதுதான். என் கருத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. அந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்பது ஒன்று. சென்னைக்குப் போனால்தான் அது கிடைக்குமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால், கேட்டவுடன் ஆசை காட்டும் பல நிகழ்ச்சிகள் தாமாகவே விலகிவிடுகின்றன. பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காத ஒன்று முன்னால் வந்து நிற்கிறது.

முதலில் நேரக் கணக்கு. திண்டிவனத்திலிருந்து சென்னை சாலை வழியாக ஏறத்தாழ 125 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து எழும்பூர் வரை ரயில் பாதையில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பார்கள். ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளையும் பெருங்களத்தூர் நெரிசலையும் தாண்டி நகருக்குள் போய் இறங்க மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. திரும்பும்போதோ கணக்கு பள்ளி வாசலோடு முடிவதில்லை. மயிலம், ஒலக்கூர், வல்லம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அங்கிருந்து இன்னொரு பேருந்து வேண்டும். கடைசி டவுன் பஸ் போய்விட்டால் அப்பாவோ அண்ணனோ வண்டியை எடுத்துக்கொண்டு வந்து காத்திருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு முடியும் நிகழ்ச்சி என்றால் பள்ளிக்குத் திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அப்படி ஒரு பயணத்துக்குப் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் கேட்டால் என்ன நடக்கும் என்பது கிராமப்புறப் பள்ளியில் பணியாற்றும் எவருக்கும் தெரியும். பையன்களின் கடிதங்கள் கையெழுத்தோடு வந்துவிடும். பெண் பிள்ளைகளின் கடிதங்களில் பாதி வராது. பெண் பிள்ளைகளை விட்டுவிட வேண்டும் என்று யாரும் முடிவு செய்யாமலே, நிகழ்ச்சியின் நேரம் அவர்களை வீட்டில் நிறுத்திவிடும். ஆகவே பொழுது சாயும் வேளையில், மிஞ்சிப்போனால் இரவு ஏழு மணிக்குள், பள்ளிக்குத் திரும்ப முடிகிற நிகழ்ச்சியையே நான் முன்னால் வைக்கிறேன். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்த அளவுகோலில் முதலில் அடிபடுவது நாடகம். எனக்கு மிகுந்த வருத்தம் தருவதும் அதுவே. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896-இல் கட்டப்பட்ட மியூசியம் தியேட்டர், நடிகரின் முகக் குறிப்பு கடைசி வரிசைக்கும் தெரியும் அளவுக்கு அடக்கமான அரங்கம். பிள்ளைகள் முதன்முதலாக நாடகம் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் இல்லை என்பேன். அதோடு நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் அந்நியமான கலையும் அன்று. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி தொடங்கி, திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களிலெல்லாம் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறை, பக்கத்து மாவட்டத்துப் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்திலிருந்து எவ்வளவு ஊட்டம் பெற்றது என்பதை அறிந்தால், சென்னையின் நவீன நாடகமே தங்கள் பக்கத்துச் சொத்து என்று அந்தப் பிள்ளைகள் உரிமை கொண்டாடலாம். ஆனால் சென்னை நாடகங்கள் பெரும்பாலும் மாலை ஆறரை, ஏழு மணிக்குத்தான் தொடங்குகின்றன. அலுவலகம் முடித்து வரும் நகரவாசிகளுக்காக வகுக்கப்பட்ட நேரம் அது. செங்கல்பட்டுப் பள்ளி என்றால் இரவிலும் மின்சார ரயில் உண்டு. நாடகத்தையே முதல் தேர்வாகச் சொல்லியிருப்பேன். நமக்கோ ஓர் இரவு தங்க வேண்டும், தங்கினால் செலவு இரட்டிப்பாகும், ஒரு நாள் பயணம் என்ற வரையறையும் போய்விடும். நாடகக் குழு ஏதேனும் பள்ளிகளுக்கென்று பகல் காட்சி நடத்துவதாகத் தெரிய வந்தால், இந்தக் கட்டுரையில் இனிமேல் சொல்லப்போவது எதையும் பொருட்படுத்தாமல் அதற்குப் போய்விடுங்கள்.

அடுத்தது திருவான்மியூர்க் கலாக்ஷேத்ரா. நாட்டியமும் இசையும் கற்பிக்க ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் தொடங்கிய நிறுவனம். 1993-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆண்டு இறுதியில் நடக்கும் அதன் கலை விழாவில் நாட்டிய நாடகம் பார்ப்பது பெரும் பேறு. அதுவும் மாலை நிகழ்ச்சி என்பதால் மேலே சொன்ன தடை இங்கும் உண்டு. ஆனால் வேலை நாட்களில் முற்பகலில், முன் அனுமதி பெற்று வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். மரங்கள் அடர்ந்த அந்த வளாகத்தில் நடக்கும்போது, குடில் போன்ற வகுப்பறைகளிலிருந்து தட்டுக்கழியின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். ஆசிரியர் தரையில் அமர்ந்து மரக்கட்டையில் கழியால் தட்டிச் சொற்கட்டைச் சொல்ல, மாணவிகள் முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் நின்று, அடவு எனப்படும் ஒரே அடிப்படை அசைவைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். மேடையில் இரண்டு நிமிடத்தில் கடந்துபோகும் ஓர் அசைவுக்குப் பின்னால் எத்தனை காலைப் பொழுதுகள் இருக்கின்றன என்பது பதினாறு வயதுப் பெண்ணுக்கு அங்கே ஒரு கணத்தில் விளங்கும். ஆயினும் அது பயிற்சி. ஒப்பனையும் விளக்கும் அவையும் சேர்ந்த நிகழ்ச்சி அன்று. விடுமுறை நாளில் போனால் அதுவும் இருக்காது. வேலை நாளில் போனால் நம் பள்ளியில் ஒரு நாள் பாடம் போகும். நாட்டியம் பயிலும் மாணவிகள் சிலர் நம் பள்ளியில் இருந்து, அந்தப் பத்துப் பதினைந்து பேரை மட்டும் அழைத்துச் செல்வதாக இருந்தால் கலாக்ஷேத்ராவையே தேர்ந்தெடுக்கலாம். நாற்பது பேருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பகல் நேரம் என்ற அளவுகோலில் முழு மதிப்பெண் பெறுவது கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கம். பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் 1988-இல் திறக்கப்பட்ட இந்த அரங்கத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ளன, தமிழிலும் ஆங்கிலத்திலும் பகல் முழுவதும் காட்சிகள் நடக்கின்றன, கட்டணம் குறைவு, 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் அருகிலேயே இருக்கிறது. தலைமை ஆசிரியர்கள் பலர் இதையே தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை, ஏனென்றால் எதுவும் தவறிப்போக வாய்ப்பில்லாத தேர்வு இது. என் தயக்கம், சென்னைக்குப் போனால்தான் கிடைக்குமா என்ற இரண்டாவது கேள்வியைப் பற்றியது. திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில், புதுச்சேரி இலாசுப்பேட்டையில், அப்துல் கலாம் பெயரில் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது எல்லா வகையிலும் நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை, பலருக்குப் பள்ளி வாழ்வில் ஒரே முறை, கிடைக்கும் சென்னைப் பயணத்தைப் பக்கத்து ஊரிலேயே கிடைக்கும் ஒன்றுக்குச் செலவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரிய திரையரங்க வளாகத்தில் படம் காட்டலாம் என்ற யோசனையும் ஒவ்வோர் ஆண்டும் வரும். பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு நடத்தினால் அதுவே வெல்லும் என்பதும் தெரியும். அந்தப் படம் அதே வாரத்தில் திண்டிவனத்திலும் ஓடும் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை. பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமம் நாட்டுப்புறக் கலைகளின் பெருவிழா. பறையும் கரகமும் ஒயிலும் ஒரே மாலையில் பார்க்கலாம். ஆனால் பொங்கல் நாளில் எந்தக் கிராமத்துப் பிள்ளை வீட்டை விட்டு வரும்? அதுவும் மாலை நிகழ்ச்சியே.

எஞ்சி நிற்பது மார்கழி இசை விழாவின் நண்பகல் கச்சேரி. நான் முன்னால் வைப்பது இதைத்தான்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் நாள் வரை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் எங்கும், கச்சேரிகளை நடத்தும் அமைப்புகளான சபாக்களில் காலை முதல் இரவு வரை கச்சேரிகள் நடக்கின்றன. யுனெஸ்கோ 2017-இல் சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களுள் ஒன்றாக அறிவித்ததற்கு இந்த விழாவும் ஒரு காரணம். எல்லாரும் பேசுவது மாலைக் கச்சேரிகளைப் பற்றி. புகழ்பெற்ற வித்வான்கள் பாடுவது அப்போதுதான், நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியிருப்பதும் அப்போதுதான். ஆனால் நண்பகல் பன்னிரண்டு மணியை ஒட்டியும் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டியும் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் அமரலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மேடையில் இருப்பவர்கள் இருபது வயதையொட்டியவர்கள். நம் பதினோராம் வகுப்பு மாணவியைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள். 1928-இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமியின் அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் உண்டு. மாலையில் நிரம்பி வழியும் அரங்கம் நண்பகலில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். மற்ற சபாக்களிலும் இதே நிலைதான். மாலையில் பணம் கொடுத்தும் கிடைக்காத முன்வரிசை, நண்பகலில் நம் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கும்.

முன்வரிசை என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கச்சேரி தொடங்குவதற்கு முன்பே அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. மிருதங்கக் கலைஞர் இடப்பக்கத்துத் தோலின் நடுவில் ரவையைக் குழைத்து அப்பிப் பதம் பார்ப்பார். வலப்பக்கத்து ஓரத்தைச் சிறு கல்லால் தட்டித் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவருவார். பாடகி ராகத்தை விரிக்கத் தொடங்கியதும் வயலின் ஒரு நொடி பின்னால் நிழலாகத் தொடரும். அவர் நிறுத்தியதும் அதே ராகத்தைத் தன் வழியில் வாசித்துக் காட்டும். அப்போது பாடகி வயலின்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். இந்தப் பார்வைகளும் தலையசைப்பும் இருபதாவது வரிசையில் தெரியாது. பிறகு தனி ஆவர்த்தனம் வரும். பாட்டு நின்று, பாடகி கையால் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டிருக்க, மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ ஒன்றையொன்று சீண்டிச் சீண்டி வேகமெடுத்து, முடிவில் இரண்டும் ஒன்றாகப் பாட்டில் வந்து விழும். கூத்தில் மத்தளமும் முகவீணையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காராமல் இருந்து நான் பார்த்ததில்லை. அதற்குள் அவர்களுடைய விரல்களும் தொடையில் தாளம் போடத் தொடங்கியிருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை மூன்று. மூன்றிலும் உண்மை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் புரியாது, சலித்துப் போவார்கள் என்பது முதலாவது. முன் தயாரிப்பு இல்லாமல் அழைத்துப் போனால் அப்படித்தான் ஆகும். பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இரண்டே பாடவேளைகளை ஒதுக்கினால் போதும். ஒன்றில் ஆதி தாளம்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி வீசி, தட்டி வீசி, ஆக எட்டு. பத்து நிமிடத்தில் வகுப்பே போட்டுவிடும். மற்றொன்றில் ஒரே ஒரு ராகத்தை, அதே ராகத்தில் அமைந்த திரைப்பாடல் ஒன்றோடு சேர்த்துக் கேட்க வைக்கலாம். இந்த இரண்டும் கையில் இருந்தால் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மூன்று மணி நேர மாலைக் கச்சேரி என்றால் தாக்குப்பிடிக்காது. அந்த வகையிலும் நண்பகல் கச்சேரியே பொருத்தம்.

மொழி என்பது இரண்டாவது. பாடல்களில் பல தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருக்கும். தமிழ் கேட்க வந்த இடத்தில் தமிழ் இல்லையே என்ற ஆதங்கம் புதிதன்று. அந்த ஆதங்கத்திலிருந்துதான் 1943-இல் தமிழ் இசைச் சங்கமே பிறந்தது. ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பர் இறுதியில் நடக்கும் அதன் விழாவில் தமிழ்ப் பாடல்களைத்தான் பாடுகிறார்கள். பகல் வேளையில் நமக்கு ஏற்ற நிகழ்ச்சி அங்கே அமைந்தால், மற்ற சபாக்களைவிட அதற்கே என் வாக்கு. அமையாவிட்டால், சபாவுக்கு எழுதும் கடிதத்திலேயே, தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள், முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாரதியார் ஆகியோரின் பாடல்கள் ஓரிரண்டு இடம்பெற்றால் மகிழ்வோம் என்று கலைஞரிடம் தெரிவிக்கும்படி பணிவாகக் கேட்கலாம். இளம் கலைஞர்கள் இத்தகைய வேண்டுகோளைத் தட்டுவது அரிது.

மூன்றாவது, வெளிப்படையாக யாரும் சொல்லாதது. சபா என்பது குறிப்பிட்ட சிலருக்கே உரிய இடம், நம் பிள்ளைகள் அங்கே போய் ஒட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டுமன்று, ஆசிரியர்களிடமும் உண்டு. அது காரணமில்லாமல் வந்த எண்ணமும் அன்று. பல தலைமுறைகளாக அந்த மேடையிலும் அவையிலும் யார் இருந்தார்கள் என்பதைப் பார்த்து வந்தது. நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் ஓர் அரங்கின் வாசலைத் தாண்ட நம் பிள்ளைகளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதை அவர்கள் பதினைந்து, பதினாறு வயதில் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிச் சீருடையிலேயே போகட்டும். நண்பகலில் சில பத்துப் பேருக்குப் பாடப் பழகிய இளம் கலைஞர், முன்வரிசைகளில் நாற்பது பிள்ளைகளைப் பார்த்தால் பாடுவதே வேறாக இருக்கும். கச்சேரி முடிந்ததும் மேடையை விட்டு இறங்கி வந்து பேசவும் செய்வார். வயலினை எத்தனை வயதில் கையில் எடுத்தீர்கள், தினமும் எத்தனை மணி நேரம் வாசிப்பீர்கள், கல்லூரியில் என்ன படிக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்கலாம். மாலைக் கச்சேரி முடிந்து அவசரமாகக் காரில் ஏறும் பெரிய வித்வானிடம் இது நடக்காது.

பன்னிரண்டு மணியா, இரண்டு மணியா என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். அதிகாலையில் எழுந்து, பேருந்தில் வந்து, மதியச் சாப்பாடும் சாப்பிட்ட பிள்ளைகளைக் குளிரூட்டிய அரங்கில் தம்புரா ஒலியில் உட்கார வைத்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பதினொன்றரை மணிக்குச் சுண்டலோ வாழைப்பழமோ கொடுத்து, பன்னிரண்டு மணிக் கச்சேரியைக் கேட்டுவிட்டு, ஒன்றரைக்குப் பிறகு சாப்பிடுவது நல்லது. சபா கேன்டீன் சாப்பாட்டுக்கு ஊரெல்லாம் பெயர் என்றாலும் நாற்பது இலைக்கு நம் பயணச் செலவில் இடமிருக்காது. புளியோதரையும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போவதே சரி. இரண்டரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கெல்லாம் பள்ளி வாசலில் இருக்கலாம்.

இனிப் போக்குவரத்து. வழக்கமான அரசுப் பேருந்தில் போவதை எளிதில் ஒதுக்கிவிடலாம். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகருக்குள் போக மாநகரப் பேருந்தோ மின்சார ரயிலோ மாற வேண்டும். நாற்பது பேரை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்குவதிலேயே ஒரு மணி நேரம் கரையும். ஆக, தனிப் பேருந்தா ரயிலா என்பதுதான் கேள்வி. இதில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் விடை வேறு வேறு.

விழுப்புரத்துப் பள்ளிக்கு ரயிலே மேல். கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை செல்லும் கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ரயில்வே 75 சதவீதம் சலுகை தருகிறது. பள்ளிகள் பலவற்றுக்கு இது தெரியாது. தெரிந்தவையும் தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் அலைச்சலுக்கு அஞ்சி விட்டுவிடுகின்றன. நாற்பது பேருக்கு மிச்சமாகும் தொகையில், பணம் கட்ட முடியாமல் பெயர் கொடுக்காத ஐந்தாறு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம் என்பதால் அந்த அலைச்சலுக்குப் பலன் உண்டு. ரயிலில் கழிவறை இருக்கிறது என்பது பெண் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை ஆசிரியைகளிடம் கேட்டால் சொல்வார்கள். பேருந்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கும் ரயிலே நல்லது. திரும்புவதற்குப் பிற்பகலில் புறப்படும் பல்லவன் விரைவு ரயில் நண்பகல் கச்சேரிக்குப் பொருந்தி வருகிறது. சாயங்காலமே விழுப்புரம் வந்துவிடலாம். எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணியால் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து இயக்கப்படுவதுண்டு என்பதால், எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ரயிலில் போகிறவர்களுக்குத் தியாகராய நகர் சபாக்கள் வசதி, ஏனென்றால் எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் நேராக மாம்பலம் வரலாம். ஆனால் மாம்பலம் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ரங்கநாதன் தெரு. பண்டிகைக் காலத்தில் அதற்குள் நாற்பது பிள்ளைகளோடு நுழையக் கூடாது. மேற்கு மாம்பலம் பக்கமாக இறங்கிச் சுற்றிப் போவது தூரம் என்றாலும் அதுவே சரி. தமிழ் இசைச் சங்கம் என்றால் எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கலாம். பலருக்கு அது முதல் மெட்ரோ பயணமாகவும் இருக்கும். மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மாணவிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் 2021 முதல் கட்டணமில்லை என்பதும் கணக்கில் சேரும்.

திண்டிவனத்துப் பள்ளிக்கு ரயில் அவ்வளவு ஒத்துவராது. விரைவு ரயில்கள் பலவும் அங்கே நிற்பதில்லை. மாலையில் புதுச்சேரிப் பக்கம் செல்லும் பயணிகள் ரயிலுக்குக் காத்திருந்தால், நண்பகல் கச்சேரியால் மிச்சமான பொழுது முழுவதும் நடைமேடையில் கழியும். அவர்களுக்குத் தனிப் பேருந்துதான் வழி. அரசுப் போக்குவரத்துக் கழகமே ஒப்பந்த அடிப்படையில் பேருந்து தருகிறது. தனியார் பேருந்து என்றால் அனுமதிச் சீட்டு, காப்பீடு, ஓட்டுநரின் உரிமம் மூன்றையும் வாங்கிப் பார்க்காமல் ஏறக் கூடாது. வாடகையோடு சுங்கக் கட்டணம், ஓட்டுநர் படி ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மயிலாப்பூர், டி.டி.கே. சாலைப் பக்கம் பெரிய பேருந்தை நிறுத்த இடம் கிடைப்பது அரிது. பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓட்டுநர் வேறெங்கோ போய் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், திரும்பி ஏறும் இடத்தையும் நேரத்தையும் அவரிடம் எழுதிக் கொடுப்பது நல்லது.

காலைப் பொழுதில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கும் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு மட்டும் போய், திருவாலங்காட்டு நடராசர் முன்னால் பத்து நிமிடம் நிற்க வைத்தால் போதும். உயர்த்திய கால், விரிந்த கை, ஊன்றிய பாதத்தில் தாங்கும் எடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தாளம் கேட்கப் போவது பொருத்தமாக இருக்கும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வழியில்தானே இருக்கிறது என்று வண்டலூர்ப் பூங்காவையும், வந்ததோ வந்தோம் என்று மெரினாவையும் சேர்த்தால், கச்சேரிக்குப் பாதியில் நுழைந்து பாதியில் எழுந்து வர நேரிடும். பாட்டின் நடுவே நாற்பது பேர் எழுந்து வெளியேறுவதைவிட, போகாமலே இருந்துவிடலாம்.

நாளைப் பொறுத்தவரை, அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் காலமும் இசை விழாவின் கடைசி வாரமும் ஒன்றாக வருவது நமக்கு வாய்த்த நன்மை. ஒரு நாள் பாடமும் போகாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் சென்னையை விட்டு வெளியேறும் கூட்டத்தில் பெருங்களத்தூரைத் தாண்டவே நெடுநேரமாகும் என்பதால் டிசம்பர் 24 வேண்டாம், 31-ம் வேண்டாம். வைகுண்ட ஏகாதசி இடையில் வந்தால் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கத்து நெரிசலையும் எண்ணிக்கொள்ள வேண்டும். 26 முதல் 30 வரையிலான நாட்களில், வெள்ளிக்கிழமை தவிர்த்து, ஒரு வேலை நாளே ஏற்றது.

முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்கான விண்ணப்பத்தையும், ரயிலில் போவதானால் சலுகைப் படிவத்தையும், நவம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும். சபாக்களின் நிகழ்ச்சி நிரல் வெளிவந்ததும் நண்பகல் கச்சேரிகளைப் பார்த்து இரண்டு மூன்று நாட்களைக் குறித்துக்கொண்டு, சபாச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எத்தனை ஆசிரியர்கள், எத்தனை மணிக்கு வருவோம், முன்வரிசையில் அமர இடம் தர இயலுமா, சாப்பிட நிழலான ஓர் இடம் வளாகத்தில் கிடைக்குமா, முடிந்ததும் கலைஞர்களோடு கால் மணி நேரம் பேச முடியுமா என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். கட்டணமில்லாத கச்சேரிதானே என்று கடிதமில்லாமல் போய் நிற்க வேண்டாம். வருகிறோம் என்று முன்னரே சொல்லிவிட்டால் வாசலில் ஒருவராவது காத்திருந்து பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போவார்.